‘1 லட்சம் வாட்’ என்று ரேடியோ சொன்னால்: சிக்னல் விளம்பரத்தைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

நான் ஒரு சின்ன பண்பலை நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், எங்கள் போஸ்டரில் ஒரு வட்டம் இருந்தது. வரைபடத்தில் டவர் நிற்கும் இடத்தில் காம்பஸ் முள்ளைக் குத்தி, 25 கிலோமீட்டருக்கு விரித்து, சுற்றி ஒரு கோடு. உள்ளே முழுக்க ஆரஞ்சு நிறம். அந்த 25 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தாளில் அழகாகப் பொருந்தியது, அவ்வளவுதான்.

போஸ்டர் ஒட்டிய வாரமே ஒரு அம்மா போன் செய்தார். டவரிலிருந்து 12 கிலோமீட்டர்தான் இருக்கும் அவர் ஊர், ஆனால் நடுவில் ஒரு மலை. “தம்பி, போஸ்டர்ல எங்க ஊரு வட்டத்துக்குள்ளதான் இருக்கு. ரேடியோவுக்குத்தான் அது தெரியல. மழை பேஞ்ச மாதிரி ஒரே இரைச்சல்.” அதே மாதம் 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டுச் சாலையில் போன லாரி டிரைவர், பாட்டு கண்ணாடி மாதிரி கேட்கிறது என்று சொன்னார். அந்தச் சாலை வட்டத்திலேயே இல்லை.

ரேடியோ நிலையங்கள் தங்கள் சிக்னலைப் பற்றிச் சொல்லும் பெரும்பாலான வாசகங்கள் பொய் அல்ல. நேயர் கேட்பது “என் வீட்டில் எடுக்குமா?” என்பது, விளம்பரம் பதில் சொல்வது “நாங்கள் எவ்வளவு பெரியவர்கள்?” என்ற கேள்விக்கு. முதல் கேள்விக்கான பதிலை அந்த விளம்பரத்திலிருந்தே எப்படிக் கறப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. நேயர்களுக்கும் உதவும், ரேடியோவில் விளம்பரம் கொடுக்க யோசிக்கும் கடைக்காரர்களுக்கும் உதவும். கடைசிப் படி மட்டும் நிலையத்துக்குள் இருப்பவர்களுக்கு.

படி 1: வாசகத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நிலையம் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வாட் கணக்கு, வரைபடம், “இத்தனை லட்சம் மக்களை எட்டுகிறோம்”, “இந்த வட்டாரத்தின் பலமான சிக்னல்” என்று நாலு வகைக்குள் எல்லாம் அடங்கிவிடும். நாலாவது வகையை உடனே அடித்துவிடலாம். பலமான சிக்னல் எங்கே, எதைவிட, எந்த ரேடியோவில் என்று சொல்லாதவரை அது ஒரு பட்டப்பெயர்தான். மற்ற மூன்றிலும் சோதிக்க விஷயம் இருக்கிறது.

படி 2: எந்த வாட் என்று கேளுங்கள்

வாட்டைச் சொல்லிப் பெருமை பேசும் பழக்கம் மத்திய அலை (மீடியம் வேவ்) காலத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த டபிள்யூஎல்டபிள்யூ நிலையம் 1934-இல் 5 லட்சம் வாட்டில் ஒலிபரப்பத் தொடங்கியது. ‘நாட்டின் நிலையம்’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது. டவருக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் இரும்பு வேலியில்கூட நிகழ்ச்சி கேட்கிறது, விளக்கை அணைத்தாலும் எரிகிறது என்று புகார் சொன்னார்கள். 1939-இல் அந்த அனுமதி முடிந்து 50,000 வாட்டுக்கு இறங்கியது. அங்கே மத்திய அலைக்கு இன்றுவரை உச்சவரம்பு அதுதான். அந்த நாளில் வாட் என்பது ஓரளவு நேர்மையான அளவுகோல். பண்பலை வந்த பிறகும் பழக்கம் போகவில்லை, பொருள் மட்டும் மாறிவிட்டது.

பண்பலையில் சொல்லப்படும் வாட் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரின் வாட் அல்ல. அதன் பெயர் இஆர்பி, அதாவது பயனுறு கதிர்வீச்சுத் திறன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்மிட்டர் 5,000 வாட். டவர் உச்சிக்குப் போகும் கேபிளில் 1 டெசிபல் (திறன் எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அளவு) இழப்பு என்றால், ஏறக்குறைய 3,970 வாட்தான் ஆன்டெனாவைச் சேரும். ஆன்டெனாவின் பெருக்கம் 4 டெசிபல் என்றால் அது இரண்டரை மடங்கு. ஆக இஆர்பி சுமார் 10,000 வாட். ஆன்டெனா மின்சாரம் உற்பத்தி செய்யவில்லை. வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போக வேண்டியதை அடிவானத்தின் பக்கம் திருப்பி விடுகிறது. டார்ச் லைட்டின் கிண்ணி செய்யும் வேலை.

இஆர்பியைச் சொல்வது தப்பில்லை, அதுதான் முறையும்கூட. சிக்கல் ஒப்பிடும்போது வருகிறது. ஒருவர் இஆர்பி சொல்லி இன்னொருவர் டிரான்ஸ்மிட்டர் வாட்டைச் சொன்னால், ஒரே அளவுள்ள இரண்டு நிலையங்களில் ஒன்று இரட்டிப்பாகத் தெரியும். மத்திய அலையின் 50,000 வாட்டையும் பண்பலையின் 50,000 வாட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதிலும் பொருளில்லை, இரண்டும் வேறு வேறு முறையில் கணக்கிடப்படுபவை. அப்புறம், திசை. சில நிலையங்கள் பக்கத்து நிலையத்தைக் கெடுக்காமலிருக்க ஒரு பக்கம் சிக்னலைக் குறைத்தே அனுப்ப வேண்டும். விளம்பரத்தில் வரும் எண் அதிகம் அடிக்கும் பக்கத்தின் எண். நீங்கள் குறைந்த பக்கத்தில் இருக்கலாம்.

அமெரிக்காவில் நிலையம் டிஜிட்டல் வரிசையையும் சேர்த்து விற்றால் கூடுதல் கவனம் வேண்டும். எச்டி ரேடியோ என்ற முறையில் டிஜிட்டல் பகுதிக்குத் தொடக்கத்தில் அனலாக் திறனில் 1 சதவீதம்தான் அனுமதி. 2010-இல் அதை 10 சதவீதம் வரை உயர்த்தினார்கள். பேருக்கு 1 லட்சம் வாட் நிலையம், ஆனால் அதன் டிஜிட்டல் வரிசை ஓடுவது 1,000-க்கும் 10,000-க்கும் நடுவில்.

படி 3: உயரத்தைக் கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருக்கிறது. அதனால் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கைக்கணக்கு இது: ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை (மீட்டரில்) 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். 50 மீட்டருக்கு 29 கி.மீ., 100 மீட்டருக்கு 41, 200 மீட்டருக்கு 58. கேட்கும் ரேடியோ ஒன்றரை மீட்டரில் இருந்தால் இன்னும் 5 சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அப்பாலும் கொஞ்சம் கசியும், ஆனால் விழும் வேகம் அதிகம்.

வாட்டைக் கூட்டினால் என்ன ஆகும், உயரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் வகைப்பாடே நல்ல பாடம். 100 மீட்டர் உயரத்தில் 6,000 வாட் என்றால் குறிப்பிட்ட அளவுச் சிக்னல் 28 கி.மீ. வரை எட்டும். அதே உயரத்தில் 25,000 வாட் என்றால் 39 கி.மீ. நாலு மடங்குக்கு மேல் மின்சாரம் செலவழித்து 11 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. இனி வாட்டைத் தொடாமல் உயரத்தை மட்டும் மாற்றுவோம். 1 லட்சம் வாட், சுமார் 300 மீட்டர்: 72 கி.மீ. அதே 1 லட்சம், 450 மீட்டர்: 83. அதே 1 லட்சம், 600 மீட்டர்: 92. மூன்று நிலையங்களும் “1 லட்சம் வாட்” என்று ஒரே மாதிரி அறிவிக்கலாம்; கடைசிக்கும் முதலுக்கும் 20 கிலோமீட்டர் வித்தியாசம்.

இன்னும் கண்ணில் படும்படி வேண்டுமா? அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்து டபிள்யூபிசிடி, பழைய அனுமதி ஒன்றின் தயவில் 3,20,000 வாட்டில் ஓடுகிறது. அந்த நாட்டுப் பண்பலையில் அதுதான் உச்சம். டபிள்யூஎச்ஓஎம் என்ற இன்னொரு நிலையத்துக்கு 50,000 வாட்கூட இல்லை. ஆனால் அதன் ஆன்டெனா 1,917 மீட்டர் உயர வாஷிங்டன் மலையின் உச்சியில் இருக்கிறது. பல மாநிலங்கள் தாண்டி, கனடாவின் கியூபெக் வரை அதன் ஒலி போகிறது. மலையை போஸ்டரில் எண்ணாகப் போட முடியாது, அதுதான் வாட்டுக்கு இருக்கும் வசதி.

ஒரு எச்சரிக்கை. டவரின் உயரமும் ஆன்டெனாவின் உயரமும் ஒன்றல்ல. டவரின் நடுவில் கட்டியிருக்கலாம், டவரே பள்ளத்தில் நிற்கலாம். மேலே சொன்ன எஃப்சிசி கணக்குகளில் வரும் உயரம், ஆன்டெனாவைச் சுற்றி 3 முதல் 16 கி.மீ. தூரத்துக்குள் உள்ள நிலத்தின் சராசரிக்கு மேலே எவ்வளவு என்பது. அமெரிக்காவில் எஃப்சிசியும் பிரிட்டனில் ஆஃப்காமும் ஒவ்வொரு நிலையத்தின் இஆர்பி, உயரம், டவர் இருக்குமிடம் எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருக்கின்றன. அப்படிக் கிடைக்காத இடத்தில் நிலையத்துக்கே போன் செய்து பொறியாளரிடம் கேளுங்கள். என் அனுபவத்தில் பொறியாளர்கள் இதைச் சந்தோஷமாகச் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் குறை.

படி 4: வரைபடத்தின் விளிம்பைப் பாருங்கள்

முழு வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கடல் மாதிரி சமமான நிலத்தில்தான் அப்படி வரும். மலை, பள்ளத்தாக்கு எல்லாம் கணக்கில் சேர்ந்த வரைபடம் கிழிந்த இலை மாதிரி, நடுவில் ஓட்டைகளோடு இருக்கும். ஓட்டைகள் காட்டும் நிலையத்தை நான் அதிகம் நம்புவேன்.

அடுத்து, அந்தக் கோடு எந்த அளவைக் குறிக்கிறது? சிக்னலை மீட்டருக்கு இத்தனை டெசிபல் மைக்ரோவோல்ட் என்று அளப்பார்கள். மேலே சொன்ன 28, 39, 92 எல்லாம் 60 என்ற கோட்டுக்கான தூரங்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஸ்டீரியோ ஒலிக்குச் சொல்லும் குறைந்தபட்சம் கிராமப்புறத்தில் 54, நகரத்தில் 66, பெருநகரத்தில் 74. நகரத்தில் மின்சாதன இரைச்சல் அதிகம், அதனால் அதிகச் சிக்னல் தேவை. ஆக 54 கோட்டை வரைந்து, அதற்குள் ஒரு பெருநகரத்தை அடக்கிக் காட்டினால் படம் பெரிதாக இருக்கும், ஸ்டீரியோ அங்கே இரையும். வண்ணம் தீட்டிய வரைபடத்தில் இந்த எண் போடப்படவில்லை என்றால், அந்த வண்ணத்துக்கு மதிப்பில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஒன்று, இந்த அளவுகள் தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில் கட்டிய ஆன்டெனாவுக்கானவை. சமையலறை அலமாரியில் இருக்கும் ரேடியோவுக்கு அல்ல. கான்கிரீட் கட்டடத்துக்குள் போனால் 10 முதல் 20 டெசிபல் இறங்குவது சாதாரணம். 10 டெசிபல் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு திறன்தான் மிச்சம். இரண்டு, கணக்கு புள்ளியியல் வகை: அந்தக் கோட்டின் மேல் இருக்கும் இடங்களில் பாதியில், பாதி நேரம், சொன்ன அளவு கிடைக்கும் என்பதே பொருள். கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே உங்கள் வீடு இருந்தால் அது ‘கேட்கும்’ என்ற உறுதி அல்ல, பூவா தலையா.

படி 5: மக்கள் எண்ணிக்கை

“20 லட்சம் பேரை எட்டுகிறோம்” என்றால் கோட்டுக்குள் 20 லட்சம் பேர் குடியிருக்கிறார்கள் என்று பொருள். கேட்கிறார்கள் என்றல்ல. விளம்பரம் கொடுப்பவர் இதைக் கேட்டாலே போதும்: கோடு எது, நேயர் கணக்கெடுப்பு தனியாக இருக்கிறதா? பரப்பளவைச் சொல்வதிலும் ஒரு வித்தை உண்டு. 40 கி.மீ. ஆரம் என்றால் சின்னதாகத் தெரியும். “5,000 சதுர கிலோமீட்டர்” என்றால் ராஜ்யம் மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

படி 6: மத்திய அலை என்றால் மணியைப் பாருங்கள்

பகலில் மத்திய அலை தரையை ஒட்டிப் போகும். இருட்டியதும், மேலே அதை உறிஞ்சிக்கொண்டிருந்த அயனி அடுக்கு கலைந்து, அலை வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும். அமெரிக்காவின் பழைய 50,000 வாட் நிலையங்கள் “38 மாநிலங்களில் கேட்கும்” என்று சொல்லிக்கொள்வது இந்த இரவைப் பற்றித்தான். பகல் பதினொரு மணிக்கு அந்த 38-ஐத் தேடக் கூடாது. இதற்கு நேர்மாறும் உண்டு. இரவில் தூர நிலையங்களோடு மோதாமலிருக்க, பல சின்ன நிலையங்கள் மாலையானதும் திறனைக் குறைத்தாக வேண்டும். விளம்பரத்தில் இருப்பது பகல் வாட்; நீங்கள் வேலை முடிந்து வந்து கேட்பது இரவு வாட்.

மண்ணும் அலைவரிசையும்கூட இங்கே பேசும். வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரத்து கேஎஃப்ஒய்ஆர் வெறும் 5,000 வாட் நிலையம். 550 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசை, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மண், இரண்டும் சேர்ந்து, பத்து மடங்கு வாட் உள்ள பல நிலையங்களைவிடப் பகலில் அது பரந்த பரப்பை எட்டுகிறது.

படி 7: சத்தத்தைச் சிக்னல் என்று நம்பாதீர்கள்

இதை விளம்பரம் என்றே யாரும் நினைப்பதில்லை. ரேடியோவைத் திருகிக்கொண்டே போகிறோம், ஒரு நிலையம் மட்டும் ‘டப்’ என்று உரக்க வருகிறது. “இதோட சிக்னல் பலம்யா” என்று நினைக்கிறோம். பண்பலையில் ஒலியின் உரப்புக்கும் சிக்னல் பலத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நிலையத்துக்குள் இருக்கும் ஒலி பிராசஸர் என்ற பெட்டி மெல்லிய ஒலிகளைத் தூக்கி, உரத்தவற்றை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே கட்டியாக்கி அனுப்புகிறது. பெரிய டவர் வாங்க முடியாதவர்களுக்கு இந்தப் பெட்டிதான் மலிவான டவர். ஒரு மணி நேரம் கேட்டால் காது களைத்துப்போகும், அது வேறு கதை.

சிக்னலைச் சோதிக்க உரத்த பாட்டு உதவாது. பேச்சு வரும்வரை காத்திருந்து, அறிவிப்பாளர் மூச்சு விடும் இடைவெளியில் பின்னால் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அந்த அரை விநாடி அமைதியில் எந்தப் பெட்டியாலும் நடிக்க முடியாது.

படி 8: நீங்களே அளந்துவிடுங்கள்

ஒரே ஒரு ரேடியோ போதும். எல்லா இடத்திலும் அதே ரேடியோ என்பதுதான் விதி. சிக்னல் அளவை எண்ணாகக் காட்டும் கைரேடியோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காது போதும். நீங்கள் நிஜமாகவே ரேடியோ கேட்கும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: சமையலறை, படுக்கை, வேலை செய்யும் மேசை, தினமும் போகும் சாலை. மொட்டைமாடியில் நின்று சோதித்துவிட்டு “நன்றாக எடுக்கிறது” என்று சொல்வதில் பயனில்லை.

ஆன்டெனாக் கம்பியைச் சுமார் 75 சென்டிமீட்டருக்கு இழுத்துவிடுங்கள், பண்பலை அலையின் கால் பங்கு நீளம் அது. பிறகு ரேடியோவை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்துங்கள். இடம் மாறியதும் ஒலி தலைகீழாக மாறினால், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அங்கே வாட் கூடினாலும் பிரச்சினை தீராது, ரேடியோவின் இடம் மாற வேண்டும்.

அடுத்து ஸ்டீரியோவை அணைத்து மோனோவுக்கு மாற்றுங்கள். ‘உஸ்ஸ்’ இரைச்சல் நின்றுவிட்டால் சிக்னல் பலவீனம், ஆனால் மோனோவில் வாழலாம். இரைச்சல் இல்லாமல் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மட்டும் உடைந்து கேட்டு, மோனோவிலும் அப்படியே இருந்தால், மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பும் அலைதான் காரணம். இன்னொரு நிலையம் இடையிடையே தலைகாட்டினால், இரண்டும் ஒரே அலைவரிசையில் மல்லுக்கு நிற்கின்றன என்று அர்த்தம். பண்பலை ரேடியோ இரண்டில் பலமானதைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. அதனால்தான் வண்டி ஓடும்போது ஒரு வளைவில் இந்தப் பாட்டும் அடுத்த வளைவில் அந்தச் செய்தியும் வருகிறது.

காலை, மதியம், இரவு என மூன்று முறை, இரண்டு நாள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி குறிப்பு. இந்த ஒரு பக்கக் காகிதத்தை வைத்துக்கொண்டு நிலையத்தின் வரைபடத்தைப் பாருங்கள், எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் உங்கள் குறிப்பை நிலையத்துக்கு அனுப்புங்கள். நல்ல நிலையங்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ரேடியோவின் தொடக்க காலத்தில் தூரத்திலிருந்து கேட்டேன் என்று எழுதுபவர்களுக்கு நிலையங்கள் அட்டை அச்சடித்து அனுப்பின. அந்தக் கடிதங்கள்தான் அவர்களுடைய முதல் வரைபடம்.

படி 9: நிலையத்துக்குள் இருப்பவரா நீங்கள்?

காம்பஸை உள்ளே வையுங்கள். 100 வாட் இஆர்பி, 30 மீட்டர் உயரம் உள்ள சின்ன நிலையம் என்றால் 60 கோடு சுமார் 5.6 கி.மீ.தான். அதை 25 ஆக்கி போஸ்டர் அடித்தால் 6-வது கிலோமீட்டரிலிருந்தே பெயர் கெடத் தொடங்கும். அந்த 5.6-க்குள் நீங்கள்தான் பலமான சிக்னல் என்றால், அதைச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள், கிலோமீட்டரை அல்ல. ‘வீட்டுக்குள் கேட்கும்’, ‘வண்டியில் கேட்கும்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். எடுக்காத பகுதிக்கு இணைய ஒலிபரப்பு இருந்தால் அதைப் பக்கத்திலேயே போடுங்கள், ஆனால் “உலகம் முழுதும் கேட்கும்” என்று சிக்னல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நாங்கள் கடைசியில் ஒரு பழைய காரில் ஏறி, இரண்டு நாள் சுற்றி, ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியோவைக் கேட்டு, புது போஸ்டர் போட்டோம். ஆரஞ்சு வட்டம் போய், ஒரு பக்கம் கடித்துத் தின்ற பிஸ்கட் மாதிரி ஒரு உருவம் வந்தது. மலைக்குப் பின்னால் இருந்த நாலு ஊர்களின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், “மாடியில் எடுக்கும், வீட்டுக்குள் சந்தேகம்” என்று அச்சிட்டோம். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மா மட்டும் மறுபடி போன் செய்தார். ரேடியோவை மாடிப்படி ஜன்னலுக்கு மாற்றிவிட்டாராம், கம்பியைத் துணிக்கொடியில் கட்டியிருக்கிறாராம். “இப்ப எடுக்குது தம்பி. துணி காயப்போட்டாத்தான் கொஞ்சம் இரையுது.”